நாலாயிரம் பேரும் குணமான ஒத்திகை

அத்தியாயம் 7

1972ஆம் ஆண்டு அக்டோபர் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடம். வானத்தின் மேற்குப் பாதியில் மேகம் இருந்தது. கிழக்குப் பாதியில் வெயில் இருந்தது. மழை எந்தப் பாதியிலும் இல்லை. கோட்டையூரில், வயிரவன் மருந்துத் தயாரிப்பகம் என்னும் பெயர்ப்பலகையைத் தாங்கிய பெரிய வீட்டின் வாசலில் ஒரு லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் வந்து நின்றது. நின்ற பிறகும் அது சிறிது நேரம் நடுங்கியது. பின்னிருக்கையில் அமர்ந்து வந்த துப்பறிவாளர் மாயக்கண்ணனும் நடுங்கினார். ஓட்டி வந்த ஹனிபா மட்டும் நடுங்கவில்லை.

ஹனிபா ஒன்பது ஆண்டுகள் தேவகோட்டைப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். பயணச்சீட்டு வாங்காதவர்களை முதுகைப் பார்த்தே அடையாளம் காட்டக்கூடியவர் என்பதற்காக மாயக்கண்ணன் அவரை உதவியாளராக அமர்த்திக்கொண்டார். அவர் வாயை மூடச் செய்யும் வழி எதுவும் இல்லை என்பது அமர்த்திய பிறகே தெரியவந்தது.

அவர்களை வரவேற்றவர் நிறுவனத்தின் உரிமையாளர் சிகப்பி ஆச்சி. வயது ஐம்பத்திரண்டு. அவருக்கு முன்னிருந்த மேசையில் நூறு தாள்கள் ஓர் அடுக்காகவும், கையெழுத்திடப்படாத கடிதத்தாள் ஒன்று தனியாகவும் இருந்தன. மோர் வந்தது. மோரை விட வேகமாக வழக்கு வந்தது.

ப-17 என்பது சீதபேதிக்கான புதிய மாத்திரை. அதைக் கண்டறிந்தவர் இதே வீட்டின் இரண்டாங்கட்டில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் வேதியியலாளர் பிச்சையம்மாள். உழைப்பு எட்டு ஆண்டு. சிவகங்கையில் ஒரு மருத்துவர் அதனை நாற்பது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க இசைந்திருந்தார். நாற்பதில் இருபத்தெட்டுப் பேராவது குணமடைந்தால் மருந்து வென்றது. குறைந்தால் தோற்றது, ஒரு முறை தோற்ற மருந்தை மறுமுறை எந்த மருத்துவரும் தொடமாட்டார். கையிருப்பில் ஒரே ஒரு சோதனைக்கு மட்டுமே மாத்திரைகள் இருந்தன. மழைக்கு முன் தொடங்க வேண்டும் என்பதால், தொடங்குவதா கைவிடுவதா என்னும் முடிவைக் கையெழுத்துடன் இன்றைய நாலரை மணிப் பேருந்தில் அனுப்பிவைக்கும்படி மருத்துவர் எழுதியிருந்தார்.

ஆகவே ஆச்சி, நிஜச் சோதனைக்கு முன்பாகக் காகிதத்தில் ஓர் ஒத்திகை நடத்தச் செய்தார். ஒன்றன்று, நூறு. நூறு சிவகங்கைகள், ஒவ்வொன்றிலும் நாற்பது கற்பனை நோயாளிகள். அவர்களுக்கு என்னென்ன நேரலாமோ அவற்றைக் குருட்டு அதிர்ஷ்டத்தின் கையில் ஒப்படைத்து, நூறில் எத்தனை முறை மருந்து வெல்கிறது என்று எண்ணுவது திட்டம். எண்ணியாயிற்று. விடைதான் வழக்கு.

“நாலாயிரம் பேருக்குக் காகிதத்துல சீதபேதி வந்துச்சு. நாலாயிரம் பேருக்கும் நின்னுபோச்சு,” என்றார் ஆச்சி. “ஒருத்தருக்குக்கூடக் குமட்டலே. ஒருத்தருகூட ஆஸ்பத்திரிப் பக்கம் வராம வீட்டுல உக்காந்துறலே. நம்ம பக்கம் கல்யாணத்துக்கு நாப்பது பேரக் கூப்பிட்டா முப்பத்தஞ்சு பேருதான் வாராக.”

“சமையக்காரரு யாருங்கிறதப் பொறுத்தது ஆச்சி,” என்றார் ஹனிபா.

ஆச்சி அவரைப் பார்க்கவில்லை. தம் சந்தேகத்தைச் சொன்னார். ஒத்திகையை நடத்தியவர்கள் மாத்திரைகளை டப்பாவில் அடைக்கும் பெண்கள் எட்டுப் பேர். விடையால் ஆதாயம் அடைபவர் பிச்சையம்மாள் ஒருவரே. பெண்களைக் கைக்குள் போட்டுக்கொண்டு அவர்தாம் குணம், குணம் என்று எழுதவைத்திருக்க வேண்டும். அது உறுதியானால் இன்று மாலையே ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு. பிச்சையம்மாள் மேல் வேறெந்த நிறுவனமும் நம்பிக்கை வைக்காதபடி ஒரு கடிதமும் எழுதப்படும். உறுதியாகாவிட்டால் என்ன செய்வது என்பதை ஆச்சி சொல்லவில்லை. அப்படி ஒரு நிலை வரும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

மாயக்கண்ணன் நூறு தாள்களையும் புரட்டினார். ஒவ்வொன்றிலும் நாற்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ‘கு’. நாலாயிரம் குக்கள் வரிசை பிசகாமல் நின்றன.

“குயில் தோப்புக்குள்ள வந்துட்டோம் அண்ணே,” என்றார் ஹனிபா.

*

ஒத்திகையை வகுத்தவர் புள்ளியியலாளர் ஆண்டியப்பன். கல்கத்தாவில் பிறந்து, கல்கத்தாவில் எண்ணக் கற்று, சென்ற ஆண்டுதான் பூர்விக ஊருக்குத் திரும்பியவர். அவருடைய அறையில் நாற்காலிகள் இருந்தன. அவற்றின் மேல் காகிதங்கள் இருந்தன. ஆகவே மூவரும் நின்றார்கள்.

ஒத்திகை இரு முறை நடந்திருக்கிறது என்பதை அவர் முதலில் தெளிவுபடுத்தினார். முதல் முறையை அவரே தனியாக நடத்தினார். எவ்வித ஒழுங்குமின்றி எண்களை அச்சிட்ட தடித்த புத்தகம் ஒன்றைக் கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்திருந்தார். அதன்படி நூறு சோதனைகளில் மருந்து வென்றது இருபத்திரண்டு முறை. கைவிடுக என்று அறிக்கை எழுதினார். ஆச்சி அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்து, நாற்பது பக்கம் படித்துவிட்டு, இதை எழுதியவருக்கு நம் ஊரும் தெரியாது, நம் வெயிலும் தெரியாது என்று தீர்ப்பளித்தார். இரண்டாம் ஒத்திகையைத் தம் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டைகளைக் கொண்டு, தம் வீட்டு வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தில், தம் பெண்களே நடத்த வேண்டும் என்றார். ஆண்டியப்பனும் பிச்சையம்மாளும் முடியும்வரை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றும் விதித்தார்.

“தாயக்கட்டை நல்ல கருவி,” என்றார் ஆண்டியப்பன், நீதியை விட்டுக்கொடுக்காதவராக. “இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு முகம். பதினாறு விதமாக விழலாம். எனக்கு அதுவே போதும்.”

ஒரு நோயாளிக்கு ஓர் உருட்டல். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் குணம். பதினாறில் பத்து முறை அப்படி விழும். தாயம் விழுந்தால், அதாவது ஒன்று விழுந்தால், அந்த நோயாளி பாதியில் வராமல் நின்றுவிட்டார். ஐந்து விழுந்தால் மாத்திரை வெயிலில் கெட்டுவிட்டது. ஆறு விழுந்தால் நோய் திரும்பிவிட்டது. பன்னிரண்டு, அதாவது இரண்டு கட்டையிலும் புள்ளியில்லாத முகம், விழுந்தால் குமட்டல் தாளாமல் மருந்தை நிறுத்திவிட்டார். இந்த நான்கில் எது விழுந்தாலும் கட்டத்தில் ‘கு’ இல்லை, பெருக்கல் குறி.

விதிகளை அவர் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியிருந்தார். மாயக்கண்ணன் அதை இரு முறை படித்தார். பிழையற்ற தாள் அது. கடைசியாக ஆண்டியப்பனுக்குத் தாயம் ஆடத் தெரியுமா என்று கேட்டார். தாம் எந்த ஆட்டமும் ஆடியதில்லை என்று ஆண்டியப்பன் சற்றுப் பெருமையுடன் தெரிவித்தார். முதல் ஒத்திகை சரியென்றால் மருந்து நின்றுபோகும், இரண்டாவது சரியென்றால் தம் வேலை நின்றுபோகும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

*

பிச்சையம்மாள் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். துப்பறிவாளர் வந்தது தெரிந்தும் கழுவுவதை நிறுத்தவில்லை. பெண்களைக் கைக்குள் போட்டுக்கொண்டீர்களா என்று மாயக்கண்ணன் நேராகவே கேட்டார்.

“நான் ஏமாத்துறதா இருந்தா முப்பத்தொண்ணுன்னு எழுதச் சொல்லியிருப்பேன்,” என்றார் பிச்சையம்மாள். “நாப்பதுக்கு நாப்பதுன்னு எழுதுனா என் மருந்த எனக்கே தெரியலேன்னு அர்த்தம். குமட்டல் வரும்னு ஆண்டியப்பன் சாரிட்ட சொன்னதே நாந்தான். முழுங்கிப் பாத்துட்டுத்தான் சொன்னேன்.”

அவர் குழாய் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மீண்டும் கழுவினார். அது முன்பே சுத்தமாக இருந்தது.

வெளியே வந்ததும் ஹனிபா தம் கருத்தைக் கூறினார். குற்றவாளி இவ்வளவு நன்றாகப் பேசக் கூடாது. அது தொழிலுக்கு இழுக்கு. மாயக்கண்ணன் அதைக் கேட்கவில்லை. வளவின் கதவருகே ஆணியில் தொங்கிய சாவிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்திகைக்காகக் கதவு திறக்கப்பட்ட நேரமும் மூடப்பட்ட நேரமும் அதில் ஆச்சியின் கையாலேயே எழுதப்பட்டிருந்தன. மாத்திரைக் கலவை உலரும் பிற்பகல் வேளையில், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம். நாளொன்றுக்கு ஆயிரம் உருட்டல் வீதம் நான்கு நாளில் முடியும் என்று ஆண்டியப்பன் கணக்கிட்டிருந்தார். சாவிப் புத்தகத்தின்படி ஏழு நாள் கதவு திறந்திருந்தது. ஏழாம் நாள் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

“நாலு நாள் வேலை, ஏறக்குறைய ஆறரை நாள்,” என்றார் மாயக்கண்ணன். “பொய் எழுதணும்னா கட்டைய உருட்டவே வேண்டாம். ஒரே நாள்ல நாலாயிரம் ‘கு’ போட்டுட்டு மிச்ச நாள் தூங்கலாம். இவங்க கூடுதலா உழைச்சிருக்காங்க, ஹனிபா.”

ஹனிபா சிந்தித்தார். “நெசந்தான் அண்ணே. டிக்கெட்டுக் கிழிக்காமக் காச வாங்குற கண்டக்டர் வண்டி ஒருநாளும் லேட்டா வந்ததில்லே.”

மாயக்கண்ணன் அன்று பிடித்துக்கொண்ட ஒரே நூலிழை அதுதான்: கூடுதலான இரண்டரை நாள் எங்கே போயிற்று?

கட்டைகளில் குறையிருந்தால் பெண்கள் எறிந்து எறிந்து சலித்திருக்கலாம் என்று எண்ணி, அவர் ஒரு சோடியை வாங்கிவந்து ஹனிபாவை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்காரவைத்தார். ஹனிபா உருட்ட, அவர் எழுதினார். மூன்று விழுந்தது, எழுதினார். நான்கு விழுந்தது, எழுதினார். மறுபடி மூன்று. பின்னர்த் தாயம் விழுந்தது, எழுதுவதற்குக் குனிந்தார். நிமிர்ந்தபோது தரையில் இரண்டு கிடந்தது.

மாயக்கண்ணன் தரையையும் ஹனிபாவையும் மாறி மாறிப் பார்த்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று ஹனிபா கேட்டதற்கு, கட்டைகளில் குற்றமில்லை என்பது மட்டுமே விடையாகக் கிடைத்தது.

*

டப்பா அடைக்கும் பெண்களுக்குத் தலைவி ராமுத்தாய். தச்சர் குடும்பத்தைச் சேர்ந்தவர். நேராக இல்லாத எதையும் பொறுக்காதவர். மற்ற ஏழு பெண்களும் அவருக்குப் பின்னால் நின்று, சிரிப்பை அடக்குவதா கோபத்தை அடக்குவதா என்று தீர்மானிக்க முடியாமல் இரண்டையும் அரைகுறையாக அடக்கினார்கள். கட்டையை உருட்டாமல் ஒரு ‘கு’கூடப் போடவில்லை என்று ராமுத்தாய் சத்தியம் செய்தார். மருந்து நல்ல மருந்து போலிருக்கிறது என்று தாங்கள் மகிழ்ந்ததையும் மறைக்கவில்லை.

மாயக்கண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான்கு மேசைகளில் எந்த மேசை வென்றது?

ராமுத்தாயின் காதுகள் சிவந்தன.

“அத ஆச்சிட்ட யாரு போய்ச் சொன்னது?” என்றார்.

யாரும் சொல்லவில்லை என்று மாயக்கண்ணன் உறுதி கூறிய பிறகு, டப்பாக்களின் அடுக்குக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டை வெளியே வந்தது. அதன் பின்புறத்தில் நான்கு பத்திகளில் ஐந்தைந்தாகக் கட்டப்பட்ட கோடுகள். தினமும் கோடு குறைந்த மேசைக்காரிகள் மறுநாள் எட்டுப் பேருக்கும் தேநீருக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும் என்பது பந்தயம். வேலைநேரத்தில் விளையாடியது தெரிந்தால் ஆச்சி கோபிப்பார் என்று அட்டையை ஒளித்துவைத்திருந்தார்கள்.

ஹனிபாவும் ராமுத்தாயும் கோடுகளைத் தனித்தனியே எண்ணினார்கள். இருவருக்கும் ஒரே விடை கிடைத்தது: இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

மாயக்கண்ணன் அதனோடு நாலாயிரத்தைக் கூட்டி, ஆறாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று என்னும் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஆண்டியப்பனுக்கு அனுப்பினார். கட்டையை இத்தனை முறை உருட்டினால் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்கும் சேர்ந்து எத்தனை முறை விழ வேண்டும் என்பது கேள்வி. விடை இரண்டு நிமிடத்தில் திரும்பியது: ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. கீழே, எதற்காக என்று இரு முறை அடிக்கோடிட்டிருந்தது.

ஆறு மட்டுமே வித்தியாசம். மாயக்கண்ணன் பல ஆண்டுகளாகச் சிரிக்காத இடங்களில் சிரிக்காமலிருந்து பழகியவர். இங்கே அவருக்குச் சற்றுச் சிரமமாக இருந்தது.

*

பன்னிரண்டரை மணிக்கு எல்லோரும் வளவில் கூடினார்கள். ஆச்சியின் மேசையிலிருந்த தாளடுக்கும் கடிதத்தாளும் அங்கே வந்தன. பிச்சையம்மாள் தூணோரம் நின்றார். மாயக்கண்ணன் ஆச்சியிடம் கட்டைகளைக் கொடுத்து, கற்பனை நோயாளிகள் சிலருக்கு உருட்டிக் காட்டும்படி வேண்டினார். தாம் கூப்பிட்டது துப்பறிவதற்கு, ஆடுவதற்கு அன்று என்று ஆச்சி நினைவூட்டினார். ஆனால் கட்டைகள் கைக்கு வந்த பிறகு அவற்றைத் திருப்பிக் கொடுப்பது அவருக்கு இயலாத செயல் என்பது அவர் கட்டைகளைத் தேய்த்த விதத்திலேயே தெரிந்தது.

ஆண்டியப்பன் விதித்தாளை உரக்கப் படித்தார். ஆச்சி உருட்டினார். மூன்று, குணம். அடுத்த நோயாளிக்கு நான்கு; குணம். மூன்றாம் நோயாளிக்கு உருட்டியபோது தாயம் விழுந்தது. எட்டுப் பெண்களும் ஒரே மூச்சாக மகிழ்ச்சி ஒலி எழுப்பினார்கள். ஆச்சியின் கை கட்டைகளை அள்ளி மறுபடியும் உருட்டியது. இரண்டு.

“குணம்,” என்றார் ஆச்சி.

ஆண்டியப்பன் விதித்தாளிலிருந்து தலை நிமிர்ந்தார். “ஆச்சி, அந்த நோயாளி திரும்பி வரவில்லையே.”

“எந்த நோயாளி?”

“தாயம் விழுந்தவர்.”

“தாயம் விழுந்தா மறுபடி போடணும்ல,” என்றார் ஆச்சி. “இதக்கூடவா சொல்லிக் குடுப்பாக?”

வளவில் இருந்த பத்துப் பேர் தலையசைத்தார்கள். தலையசைக்காதவர்கள் மூவர்: ஆண்டியப்பன் விளங்கிக்கொண்டார்; பிச்சையம்மாள் கண்களை மூடிக்கொண்டார்; மாயக்கண்ணன் அட்டையை மேசைமேல் வைத்தார்.

தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு: தாயம் ஆடிப் பழகிய எவரும் இந்த நான்கில் ஒன்று விழுந்தால் கட்டையைக் கீழே வைப்பதில்லை, மறுபடியும் உருட்டுவார்கள். அது விதி என்றுகூட யாரும் நினைப்பதில்லை, கைப்பழக்கம். ஆண்டியப்பன் தம் நோயாளிகளுக்கு நேரக்கூடிய நான்கு கேடுகளையும், எதுவும் அறியாமல், மிகச் சரியாக அந்த நான்கு எண்களிலேயே வைத்துவிட்டார். மருந்தால் பிழைக்காதவர் அனைவரும் மறு உருட்டலில் பிழைத்துக்கொண்டார்கள். அட்டையில் உள்ள கோடுகள் அந்த மறு உருட்டல்கள். அவற்றால்தான் நான்கு நாள் வேலை ஆறரை நாள் ஆயிற்று. கோடுகளின் தொகை ஆண்டியப்பனின் கணக்கோடு ஆறு மட்டுமே வேறுபடுவதால், பெண்கள் ஒவ்வொரு முறையும் நேர்மையாக உருட்டியிருக்கிறார்கள் என்பதும் உறுதியாயிற்று. ஏமாற்றியவர் எவரும் இலர்.

ஆச்சி கட்டைகளை மேசைமேல் வைத்தார். பிறகு, சின்னஞ்சிறுசுகள் பழக்கத்தில் செய்துவிட்டன, பெரியவர்கள் பக்கத்தில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றார்.

மாயக்கண்ணன் அடுக்கின் உச்சியிலிருந்த முதல் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். நாற்பது கட்டம், நாற்பது ‘கு’. உருட்டியவர் பெயருக்குரிய இடத்தில் இருந்தது ஆச்சியின் கையெழுத்து. தொடங்கிவைப்பதற்காக முதல் தாள் முழுவதையும் அவர்தாம் உருட்டியிருந்தார்.

“பெரியவுக பக்கத்துலதான் இருந்திருக்காக,” என்றார் ஹனிபா.

முதலில் சிரித்தவர் ஆச்சிதான். அதன் பிறகு வளவு முழுவதும் சிரித்தது. தூண்களின் எதிரொலியும் சேர்ந்து சிரித்தது. ராமுத்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆண்டியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் சிரித்தார். ஆகவே மறுபடியும் துடைத்தார்.

சிரிக்காதவர் பிச்சையம்மாள் ஒருவரே. சிரிப்பு அடங்கியபோது எல்லோருக்கும் அதன் காரணம் விளங்கியது. இரண்டாம் ஒத்திகை செல்லாது. எஞ்சியிருப்பது முதல் ஒத்திகை. நூற்றுக்கு இருபத்திரண்டு.

ஆச்சி கடிதத்தாளைத் தம் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தார். “மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு,” என்றார், பிச்சையம்மாளைப் பாராமல். “ஆனா நூத்துக்கு இருபத்திரண்ட நம்பி நாப்பது பேர எப்புடி அனுப்புறது?”

“எழுதுங்க ஆச்சி,” என்றார் பிச்சையம்மாள்.

அப்போது ஹனிபா பேசினார். கேட்காமல் பேசுவது அவர் வழக்கம். இம்முறை அவர் வேடிக்கைக்காகப் பேசவில்லை.

“ஒரு சந்தேகம் ஆச்சி. தாயம்னா அந்தாளு மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரலே, அம்புட்டுத்தான? தேவகோட்டை ஸ்டாண்டுல டிக்கெட்ட வாங்கிட்டுக் காப்பிக்கடையில உக்காந்திருவாக. வண்டிய எடுத்துட்டா போயிருவோம்? எறங்கிப் போயி இழுத்தாருவோம்ல. இவுகளயும் போய்க் கூட்டியாந்தா என்ன?”

ஆண்டியப்பன் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி கீழே விழுந்தது. உடையவில்லை. அவர் அதை எடுக்காமலேயே பேசத் தொடங்கினார். கல்கத்தாத் தமிழ் வேகத்தில் தடுமாறியது. வராத நோயாளியின் வீட்டுக்கு ஆள் அனுப்பினால் அதுவே மறு உருட்டல். வெயிலில் கெட்ட மாத்திரைக்கு மாற்று கொடுத்தால் அதுவும் மறு உருட்டல். இந்தப் பெண்கள் செய்த தவற்றைச் சிவகங்கையில் வேண்டுமென்றே செய்ய முடியும். நான்கு எண்ணுக்கும் மறு உருட்டல் கொடுத்தால்...

“நாலுக்கும் இல்லே,” என்றார் பிச்சையம்மாள். தூணை விட்டு மேசைக்கு வந்துவிட்டார். “வராம நிக்கிறதும் மாத்திரை கெடுறதும் நம்ம கவனக்குறைவு. அது ரெண்டுக்கும் ஒரே ஒரு தடவை மறுபடி போடலாம். ரெண்டாவது என்ன விழுகுதோ அதுதான் முடிவு. நோய் திரும்புறதும் குமட்டலும் என் மருந்தோட குத்தம். ஆறுக்கும் பன்னெண்டுக்கும் கட்டையத் தொடக் கூடாது.”

உடைசலுக்காகப் பத்துப் பேருக்குரிய மாத்திரைகளைத் தாம் தனியே எடுத்துவைத்திருப்பதாகவும், மாற்றுக்கு அவை போதும் என்றும் அவர் தெரிவித்தார். ஆச்சி பேனாவை மூடினார். மணி பன்னிரண்டு ஐம்பது.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் அந்த வளவில் இருபது சிவகங்கைகள் நடந்தேறின. நான்கு மேசை, எண்ணூறு நோயாளிகள். சிரமம் கட்டையை உருட்டுவதில் இல்லை. உருட்டாமல் இருப்பதில் இருந்தது. ஆறு விழுந்தால் கையைத் தடுக்க ஒவ்வொரு மேசைக்கும் ஒரு காவல் தேவைப்பட்டது. மாயக்கண்ணன் ஒன்றுக்கும், ஆண்டியப்பன் ஒன்றுக்கும், பிச்சையம்மாள் ஒன்றுக்கும் காவலிருந்தார்கள். ஆச்சியின் மேசை ஹனிபாவுக்கு வந்தது. அவர் பன்னிரண்டு விழுந்த கட்டைகளின் மேல் உள்ளங்கையை வைத்து, ஸ்டாப்பிங் வந்துவிட்டது, எல்லோரும் இறங்குங்கள் என்று மரியாதையுடன் தெரிவித்தார். ஆச்சி அவர் கையைத் தட்டிவிட்டார்; பிறகு விதி நினைவுக்கு வந்து பெருக்கல் குறியிட்டார். பெருக்கல் குறியிட நேர்ந்தபோதெல்லாம் ராமுத்தாய் உறவினர் ஒருவரை வழியனுப்புவதைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

இரண்டு ஐம்பத்தைந்துக்குத் தாள்கள் சேர்ந்தன. இருபத்தெட்டைத் தொடாத சோதனை ஒன்று பதினொன்றாம் தாளில் வந்தது. இன்னொன்று பதினேழாம் தாளில் வந்தது. வேறில்லை. இருபதில் பதினெட்டு. ஆண்டியப்பன் இரு முறை கூட்டினார். அதன் பிறகே தலை நிமிர்ந்தார். நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு, ஆனால் தோல்வியும் வரலாம், வராது என்று எழுதித் தரமாட்டேன் என்றார்.

ஆச்சிக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடித்திருந்தது. நாலாயிரம் பேரும் குணமான கணக்கைவிட, தோற்ற இரண்டு தாள்கள் உள்ள கணக்கை நம்புவது தமக்கு எளிதாக இருப்பதாகச் சொன்னார். அந்த இரண்டு தாள்களையும் தனியே எடுத்து, எதனால் தோற்றன என்று பிச்சையம்மாளைக் கேட்டார். ஒன்றில் குமட்டல் மிகுதி, மற்றொன்றில் நோய் திரும்பியது மிகுதி என்று பிச்சையம்மாள் மறைக்காமல் காட்டினார். அப்படி நேர்ந்தால் மருத்துவர் உடனே மாத்திரையை நிறுத்தி வழக்கமான மருந்தைக் கொடுக்க வேண்டும் என்னும் ஏற்பாட்டையும் கடிதத்தில் சேர்க்கச் சொன்னார்.

ஆச்சி எழுதினார். சோதனையைத் தொடங்கலாம் என்பது முதல் வரி. வராத நோயாளிகளைத் தேடிச் செல்ல நிறுவனம் தன் செலவில் ஓர் ஆளைச் சிவகங்கையில் நிறுத்தும், கெட்ட மாத்திரைக்கு மாற்றும் தரும் என்பது இரண்டாம் வரி. குமட்டல் பற்றிய ஏற்பாடு மூன்றாம் வரி. சோதனையின் முழுப் பொறுப்பும் வேதியியலாளர் பிச்சையம்மாளுக்கு உரியது என்பது நான்காம் வரி. அதை அவர் மற்ற மூன்றையும்விட மெதுவாக எழுதினார். பிறகு சிகப்பி என்று கையெழுத்திட்டு, மை உலரும்வரை ஊதினார்.

கடிதத்தை மேசையிலிருந்தபடியே நீட்டியிருக்கலாம். ஆச்சி எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு, எட்டுப் பெண்களும் பார்த்திருக்க, பிச்சையம்மாளுக்கு நேரெதிரே வந்து நின்றார்.

“நான் உன்னய நெனச்சது தப்பு,” என்றார். “நாலரை வண்டிக்கு நீயே கொண்டு போ.”

பிச்சையம்மாள் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கடிதத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.